ஹுவாங்சின் வேர்: சத்தில் குறையில்லை, பச்சை நிறம்தான் பிரச்சினை

முழு வேர் வாங்கலாமா, வேகவைத்த சீவல் வாங்கலாமா என்று ஆய்வக நண்பர் ஒருவர் கேட்டார். ஹுவாங்சின் என்பது சீன மருத்துவத்தில் பயன்படும் ஸ்குட்டெல்லாரியா பைகலென்சிஸ் செடியின் வேர். அதில் பைகாலின், ஓகனோசைடு, அவற்றிலிருந்து குளுக்குரோனிக் அமிலம் (சர்க்கரை போன்ற ஒரு பகுதி) கழன்ற பைகாலெய்ன், ஓகனின் என்ற சேர்மங்கள் எல்லாம் இருப்பது அவருக்கே தெரியும். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

தாராளமான வேர் இது. காய்ந்த வேரில் பைகாலின் 9 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்கிறது சீன மருந்தியல் தொகுப்பு. ஒரே ஃபிளேவோன் (பைகாலின் சேர்ந்த தாவரச் சேர்ம வகை) இந்த அளவுக்குக் கிடைப்பது அபூர்வம்.

ஆனால் அந்தப் பச்சை நிறம் பொறுமையைச் சோதிக்கிறது! குளிர்ந்த தண்ணீரில் ஊறப்போட்டால் மஞ்சள் வெட்டுமுகம் பச்சையேறிவிடும். வேரிலேயே இருக்கும் நொதி பைகாலினை உடைத்து பைகாலெய்ன் ஆக்குகிறது. பைகாலெய்னில் அடுத்தடுத்து மூன்று ஹைட்ராக்சில் (ஆக்சிஜன்-ஹைட்ரஜன் தொகுதி). காற்று பட்டதும் ஆக்சிஜனேற்றமாகி குயினோன் என்ற நிறமுள்ள சேர்மமாக மாறுகிறது. பச்சை நிறம் அதுதான். பச்சையேறினால் சரக்கு போயிற்று.

குளிர்ந்த நீரில் போட்டு மெல்லச் சூடேற்றுவதுதான் பலரும் செய்யும் தவறு. இளஞ்சூட்டில் நொதி இன்னும் வேகமாக வேலை செய்யும். நொதியை முதலிலேயே முடக்க, தளதளவென்று கொதிக்கும் நீரில் போட்டு 10 நிமிடம், இல்லையென்றால் ஆவியில் அரை மணி நேரம். பிறகு மெல்லிசாகச் சீவி, சுள்ளென்ற வெயில் படாமல் உலர்த்த வேண்டும்.

பைகாலினை அளவிட 0.3 கிராம் தூள், 40 மி.லி. 70 சதவீத எத்தனால், 3 மணி நேரம் ரிஃப்ளக்ஸ் (ஆவி குளிர்ந்து திரும்ப விழும்படி கொதிக்கவைப்பது), பிறகு சேர்மங்களைப் பிரித்துக் காட்டும் HPLC கருவியில் 280 நானோமீட்டர் ஒளி. ஒவ்வொரு சேர்மமும் வரைபடத்தில் ஒரு சிகரமாகத் தெரியும். பைகாலின் சிகரம் சுருங்கி, பின்னால் வரும் பைகாலெய்ன் சிகரம் வளர்ந்திருந்தால் நொதியின் வேலை. இரண்டுமே தாழ்ந்திருந்தால் ஆக்சிஜனேற்றமாக இருக்கும், அல்லது வேரே மட்டம்.

பைகாலினைப் பிரிப்பது சுலபம். கஷாயத்தை 80 டிகிரியில் வைத்து, ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டு பி.எச். 1–2க்குக் கொண்டுவந்தால் மஞ்சளாகப் படிந்துவிடும். மறுபடி கரைக்கக் காரம் விடும்போது 7ஐத் தாண்ட விடாதீர்கள், கறுத்துப்போகும்.

இத்தனை புகழ்ந்தும் சொல்கிறேன்: முழு வேர் வாங்காதீர்கள். சேமிப்பில் ஈரம் பட்டதா என்று யாரும் சொல்வதில்லை. வேகவைத்த சீவலுக்குப் பைகாலின் குறைந்தபட்ச வரம்பு 8 சதவீதம்தான். அந்த ஒரு சதவீதம் போனால் போகட்டும். வாங்கும்போது ஒன்றை ஒடித்துப் பாருங்கள். ஓரத்தில் பச்சை தெரிந்தால் பாதி விலைக்குத் தந்தாலும் வேண்டாம்.