எஸ்க்ரோ செக்கை மீட்கப் போய் 640 டாலர் போய்விட்டது, டெக்சாஸில் இருப்பவர்கள் கவனிக்கவும்

நேற்று ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன். 640 டாலர் போய்விட்டது.

2020-இல் வட்டி இறங்கியபோது வீட்டுக் கடனை வேறு கம்பெனிக்கு ரீஃபைனான்ஸ் செய்தோம். வீட்டு வரிக்கும் இன்ஷூரன்ஸுக்கும் என்று பழைய கம்பெனி மாதாமாதம் பிடித்து வைத்த எஸ்க்ரோ பணத்தில் பாக்கி இருந்தது. கடன் அடைந்த 20 வேலை நாட்களுக்குள் அதைத் திருப்பித் தர வேண்டும் என்பது சட்டம். அனுப்பத்தான் செய்திருக்கிறார்கள். ஆனால் ரீஃபைனான்ஸ் சமயத்தில் லெட்டர் பாக்ஸில் கடன் விளம்பரமாக வந்து குவியும். அந்தக் குவியலோடு இந்தக் கவரும் பிரிக்காமலே பையனுடைய ஸ்கூல் பேப்பர் டப்பாவுக்குள் போய்விட்டது. சமீபத்தில் கராஜை ஒழித்தபோதுதான் கிடைத்தது. உள்ளே 2,312 டாலருக்குச் செக். கீழே பொடி எழுத்தில், 90 நாட்களுக்குப் பின் செல்லாது.

பழைய கம்பெனிக்கு போன் செய்தால், கணக்கு மூடியாயிற்று என்று மூன்று பேரிடம் மாற்றினார்கள், அப்புறம் லைன் கட். அலுத்துப்போய் நெட்டில் தேடினேன். விட்டுப்போன பணத்தை மீட்டுத் தருவதாகச் சொன்ன ஒரு சர்வீஸ் கிடைத்தது. ஃபாரம் நிரப்பிய பத்தாவது நிமிடம் போன்.

"அக்கா, நீங்க தமிழா? எந்த ஊரு?"

தஞ்சாவூர் பக்கம் என்றேன்.

"நான் கும்பகோணம்க்கா. கவலைய விடுங்க, உங்க பணம் எங்கயும் போகாது."

அங்கேதான் விழுந்தேன். வேறு யாராவது இங்கிலீஷில் பேசியிருந்தால் பத்துக் கேள்வி கேட்டிருப்பேன். ஊர்ப் பேச்சு காதில் விழுந்ததும் ஒன்றுமே கேட்கத் தோன்றவில்லை. ஃபைலிங் செலவு 640, பணம் வந்ததும் 30 சதவீதம் என்றார். சரி என்று கையெழுத்துப் போட்டு, அன்றைக்கே பேங்க் ஆப்பில் 640 டாலர் அனுப்பினேன். லைசென்ஸ் படம், சோஷியல் செக்யூரிட்டி நம்பர் எல்லாம் கொடுத்தேன்.

முதல் வாரம், "ஃபைல் பண்ணியாச்சுக்கா." அடுத்த வாரம், "ரிவ்யூல இருக்குக்கா." அப்புறம் மேனேஜர் லீவு. க்ளெய்ம் நம்பரைக் கொடுங்கள் என்று அழுத்திக் கேட்டதும் அக்கா போய் மேடம் வந்தது. "மேடம், காண்ட்ராக்ட்ல ரீஃபண்ட் கிடையாது, படிச்சுப் பாருங்க." இப்போது வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும் விழுகிறது, பதில் இல்லை. பேங்கில் கேட்டால், நீங்களே அனுப்பிய பணம், எங்களால் முடியாது என்கிறார்கள்.

நேற்று ஆபீஸ் தோழி ஒருத்தி மாநிலத்தின் வரவு செலவைப் பார்க்கும் டெக்சாஸ் கம்ப்ட்ரோலர் அலுவலகத்தின் இணையதளத்தைத் திறந்து என் பெயரைத் தட்டினாள். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. என் பெயர், எங்கள் வீட்டு முகவரி, அந்தப் பழைய கம்பெனி, எல்லாம் அப்படியே இருக்கிறது. யாரும் மாற்றாத செக் பணத்தை மூன்று வருஷம் கழித்துக் கம்பெனிகள் மாநிலத்திடம் ஒப்படைத்துவிட வேண்டுமாம். க்ளெய்ம் போட ஒரு சென்ட் கட்டணம் கிடையாது. அங்கேயே உட்கார்ந்து நானே போட்டேன். இதற்கா 640 டாலர் கொடுத்தேன்? போதாததற்கு, கண்டுபிடித்துத் தருபவர் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கவே கூடாது என்று டெக்சாஸ் சட்டம் இருக்கிறது. என்னிடம் 30 கேட்டு எழுதி வாங்கியிருக்கிறான்.

என்னென்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. முதலில் பணம் கேட்டால் போனை வைத்துவிடுங்கள், எந்த ஊர்க்காரராக இருந்தாலும். உங்கள் மாநில அரசின் தளத்தில் நீங்களே தேடுங்கள். பல மாநிலங்களில் இருந்தவர்கள் மிஸ்ஸிங்மணி டாட் காமிலும் பாருங்கள், அதுவும் இலவசம். சோஷியல் நம்பரைக் கொடுத்துவிட்டீர்களா, நம் கடன் விவரத்தை வைத்திருக்கும் ஈக்விஃபேக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் மூன்று கம்பெனிகளிலும், வேறு யாரும் நம் பெயரில் கடன் வாங்காதபடி உடனே கிரெடிட் ஃப்ரீஸ் போடுங்கள், காசில்லை. எனக்கு இரண்டு முடிந்தது. மூன்றாவதில் லாகின் ஆகவில்லை, அதைப் பார்க்கத்தான் இப்போது போகிறேன்.