பாட்டரி டவுன் களிமண் பிள்ளையார்: ஐந்துக்கு நாலு

பெங்களூரில் ஃப்ரேசர் டவுன் பக்கம் இருப்பவர்கள் சதுர்த்திக்குப் பிள்ளையாரை ஆன்லைனில் தேட வேண்டாம். குயவர்கள் இருக்கும் பாட்டரி (Pottery) டவுனுக்கு நடந்தே போய்விடலாம். முக்கால் அடி உயரம், வர்ணம் பூசாதது, 350 ரூபாய். பேரம் பேசிப் பார்த்தேன். கடைக்கார அம்மா அசையவில்லை.

நான் பள்ளியில் கெமிஸ்ட்ரி எடுத்து ஓய்வு பெற்றவள். அதனால் முதல் கேள்வியே, "சூளையில வெச்சதா?" என்பதுதான். "சாமியை யாராவது சுடுவாங்களாம்மா?" என்றார் தமிழிலேயே. நான் எதிர்பார்த்த பதில். சுட்ட மண் மறுபடி களிமண் ஆகாது. சுடாத மண், அதுவும் நன்றாகக் காய்ந்தது, தண்ணீர் பட்டதுமே பொலபொலவென்று உதிரும். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அப்படியல்ல. இறுகினால் அது ஜிப்சம். லிட்டருக்கு 2 கிராம் சொச்சம்தான் கரையும். ஒரு கிலோ பொம்மைக்கு 400 லிட்டருக்கு மேல் தண்ணீர் வேண்டும். பளபள வர்ணத்தில் ஈயமோ காட்மியமோ இருந்தால் அதுவும் ஏரிக்குத்தான் போகும்.

அல்சூர் ஏரியில் 2016 மார்ச்சில் மீன்கள் செத்து மிதந்தன. அது சாக்கடையின் வேலை, பிள்ளையார் மேல் பழி போட மாட்டேன். ஆனாலும் அந்தத் தண்ணீரில் இன்னொன்றைக் கொண்டுபோய்ப் போட எனக்கு மனசில்லை. வீட்டு பக்கெட்டே போதும் என்றேன். மாமியாருக்கு ஏகக் கோபம், "பக்கெட்ல சாமியா?" என்று. வீட்டில் பூஜை பண்ணிவைக்கும் எங்கள் வாத்தியாரைக் கேட்டோம். "மந்திரம் சொல்லி ஆவாகனம் பண்ணினாத்தான் சாமி. புனர்பூஜை பண்ணி வழியனுப்பியாச்சுன்னா மண்ணுதான் மாமி, சுத்தமான ஜலத்துல கரைங்கோ" என்று அரை நிமிடத்தில் முடித்துவிட்டார். நான் ஒரு வாரமாக ஜிப்சம் கணக்குச் சொல்லியும் நடக்காத காரியம்!

ராத்திரி பக்கெட்டில் போட்ட பிள்ளையார் காலையில் குழம்பாகக் கிடந்தார். செம்பருத்தித் தொட்டியில் கொட்டினேன். அதற்கு முன் கண்ணுக்கு வைத்த குன்றிமணி இரண்டையும் எடுத்துவிடுங்கள். அது விஷம், குழந்தைகள் வாயில் போட்டுக்கொள்ளும்.

குறை என்றால் தும்பிக்கை நுனியில் ஒரு விரிசல். வெயிலில் அவசரமாகக் காயவைத்திருப்பார்கள். சந்தனம் அப்பிச் சமாளித்தேன். வாங்கும்போது திருப்பித் திருப்பிப் பாருங்கள். பக்கத்தில் விற்ற குடைக்கு ஒரு மதிப்பெண் கழித்திருக்கிறேன்: முழுக்க ஜிகினா பிளாஸ்டிக். எருக்கம்பூ மாலையும் அருகம்புல்லும் மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன்.