ஜீப்பில் செய்து போட்ட இன்ஜின், கியர்பாக்ஸ் மவுண்டிங்: கடலூர் உப்புக்காற்றில் ஓட்டிப் பார்த்த அனுபவம்

இன்ஜின் மாற்றிய ஜீப்பைப் பார்த்தால் எல்லோரும் முதலில் கேட்பது பவர் எவ்வளவு, இழுவை எப்படி என்பதுதான். இன்ஜினையும் கியர்பாக்ஸையும் சேசிஸில் பிடித்து வைக்கும் மவுண்டிங்கை எப்படிப் போட்டிருக்கிறீர்கள் என்று குனிந்து பார்ப்பவர் குறைவு. ஆனால் காட்டில், மேட்டில் ஓட்டும் வண்டியில் அந்த மூன்று மவுண்டிங் சரியில்லை என்றால் எந்த இன்ஜின் போட்டும் புண்ணியமில்லை.

என்னுடையது பழைய மஹிந்திரா எம்.எம்.540. அதோடு வந்த 2112 சிசி பிஜோ டீசல் ஓய்ந்துபோன பிறகு, மஹிந்திராவின் 2523 சிசி டி.ஐ. இன்ஜினும் ஐந்து கியர் பெட்டியும் ஏற்றினோம். பிளாக் வேறு, கியர்பாக்ஸ் நீளம் வேறு என்பதால் பழைய மவுண்டிங் எதுவும் பொருந்தவில்லை. முன்னால் இரண்டு, கியர்பாக்ஸுக்கு ஒன்று என்று மூன்றையும் புதிதாகச் செய்தோம். 2022 கடைசியில் மாட்டியது. அதிலிருந்து பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்காட்டுச் செம்மண், தென்பெண்ணை ஆற்றோரம், புதுச்சேரி தாண்டி வானூர்ப் பக்கத்து ஓடைகள் என்று சளைக்காமல் ஓடுகிறது. கடற்கரை மணலில் மட்டும் இறக்குவதில்லை. நம் கரையில் பங்குனி ஆமைகள் வந்து முட்டையிடுகின்றன. அவை புதைத்த இடம் நம் கண்ணுக்குத் தெரியாது.

காகித வேலையையும் சொல்லிவிடுகிறேன். இன்ஜின் மாற்ற மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-ன்படி ஆர்.டி.ஓ.வின் முன் அனுமதி வேண்டும். புது இன்ஜின் நம்பர் ஆர்.சி.யில் ஏற வேண்டும். இன்சூரன்ஸ்காரர்களுக்கும் தெரிவித்துவிடுங்கள். இதை முடிக்காமல் கிரைண்டரைக் கையில் எடுக்காதீர்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். மவுண்டிங் செய்யும் பலர் இன்ஜினின் எடையை மட்டும் கணக்கில் வைக்கிறார்கள். ஜீப்பில் கியர்பாக்ஸும், அதன் பின்னால் முன் பின் ஆக்சில்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸும் இன்ஜினோடு ஒரே உடம்பாகச் சேர்ந்திருக்கின்றன. அதனால் சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்ட்டில் எவ்வளவு முறுக்கு கிளம்புகிறதோ, அவ்வளவும் எதிர்ப்பக்கமாகத் திரும்பி மவுண்டிங்கில் வந்து விழுகிறது. ஒரு டீசல் இன்ஜின் 15 கிலோகிராம்-மீட்டர் டார்க், அதாவது முறுக்கு விசை, தருகிறது என்று வையுங்கள். முதல் கியர் அதை சுமார் 4 மடங்காக்கும், டிரான்ஸ்ஃபர் கேஸின் லோ கியர் இன்னொரு இரண்டரை மடங்கு. ஆக 150 கிலோகிராம்-மீட்டர். இரண்டு முன் மவுண்டுக்கும் நடுவே அரை மீட்டர் இடைவெளி இருந்தால் ஒரு பக்கம் 300 கிலோ மேலே இழுக்கும், மறுபக்கம் 300 கிலோ கீழே அமுக்கும். இன்ஜினின் சொந்த எடையைக் கழித்தாலும் ஒரு பக்கத்து மவுண்டைப் பிடுங்கும் விசை மிச்சம் இருக்கிறது. மணலில் டயர் சுற்றிவிடுவதால் இவ்வளவு ஏறாது. இறுகிய செம்மண் மேட்டில் டயர் கவ்விப் பிடிக்கும்போது முழுசாக வந்து விழும்.

அது எந்தப் பக்கம்? இந்த இன்ஜின் சுற்றும் திசைக்கு, முன்னோக்கிப் போகும்போது கிளீனர் சைடுதான், அதாவது இடது பக்கம், மேலே தூக்கும். ரிவர்ஸ் லோவில் போட்டுப் பின்வாங்கும்போது டிரைவர் சைடு தூக்கும். அதனால் இடது மவுண்டுக்குக் கொடுக்கும் கவனத்தை வலதுக்கும் கொடுக்க வேண்டியதுதான். ஆனால் தேய்மானம் பார்ப்பதென்றால் முதலில் இடது பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள்.

இந்தக் கணக்குதான் மவுண்டின் வடிவத்தை முடிவு செய்தது. பழைய வண்டிகளில் இரண்டு இரும்புத் தகட்டுக்கு நடுவே ரப்பரை ஒட்டி வைத்திருப்பார்கள். அமுக்கத்துக்கு அது அருமையானது. மேலே இழுக்கும்போது ரப்பரும் பசையும் மட்டுமே பிடித்திருக்கும். அது கிழிந்த நாளில் இன்ஜின் ஒரு பக்கம் எழும்பி ஃபேன் ரேடியேட்டரில் போய் இடிக்கும். நாங்கள் போட்டது குழாய் வகை. சேசிஸ் பக்கத்து பிராக்கெட்டில் ஒரு கனமான பைப் துண்டு, அதற்குள் ரப்பர் புஷ் (உருளை வடிவ ரப்பர்), புஷ்ஷுக்குள் ஸ்லீவ் என்னும் சின்ன இரும்புக் குழாய், ஸ்லீவுக்குள் போல்ட். இன்ஜின் பக்கத்திலிருந்து இரண்டு காதுகள் இறங்கி அந்த போல்ட்டை இருபுறமும் பிடிக்கும். ரப்பர் முழுசாகச் செத்தாலும் போல்ட் பைப்பை விட்டு வெளியே வராது. மெதுவாக உருட்டி வீடு வந்து சேரலாம்.

பட்டறை கடலூர் ஓல்டு டவுனில். அங்கே வெல்டிங் செய்பவருக்கு அன்றாட வேலை மீன்பிடி போட்டுகளுக்குத்தான். அவர் முதலில் கேட்டது, "தம்பி, புஷ்ஷைக் கொண்டுவந்தீங்களா?" என்று. பைப்பை வெட்டிவிட்டு அதற்கேற்ற புஷ் தேடுவதுதான் வழக்கம். அவர் தலைகீழாகச் சொன்னார்: "எந்தக் கடையில கேட்டாலும் கிடைக்கிற புஷ்ஷா எடுங்க. இரும்பை நான் அதுக்கு ஏத்த மாதிரி செஞ்சுக்கிறேன்." லீஃப் ஸ்பிரிங்குக்குப் போடும் ரப்பர் புஷ் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதன் அளவுக்கு லேத்தில் பைப்பின் உட்புறத்தைக் கடைந்தோம். இந்த ஒரு முடிவுக்காக இன்றும் அவருக்கு நன்றி சொல்கிறேன். கடலூரிலோ விழுப்புரத்திலோ புஷ் கேட்டால் அன்றே கிடைக்கிறது.

ரப்பருக்குப் பதில் பாலியூரித்தேன் என்னும் கெட்டி பிளாஸ்டிக் புஷ் போடச் சொல்லி நிறையப் பேர் அறிவுரை சொன்னார்கள். எண்ணெய்க்கு அசையாது, நீண்ட நாள் வரும், உண்மைதான். ஆனால் ரப்பரின் கடினத்தை அளக்கும் ஷோர் அளவில் அது பெரும்பாலும் 80, 90 என்று இருக்கும். சாதாரண மவுண்டிங் ரப்பர் 50, 60 அளவில்தான். நான்கு சிலிண்டர் டீசல் ஐடிலில் நிற்கும்போதே நடுங்கும். அந்த நடுக்கத்தைக் கெட்டியான புஷ் அப்படியே சேசிஸுக்குக் கடத்திவிடும். அப்புறம் கண்ணாடி நடுங்கும், டேஷ்போர்டு திருகுகள் கழலும், பிராக்கெட்டின் வெல்டிங்கே நாள்பட விரிசல் விடும். பெட்ரோல் வண்டிக்குப் போடுபவர்கள் போடட்டும். டீசல் ஜீப்புக்கு ரப்பர்தான் என் கட்சி.

பிளேட் வெட்டுவதற்கான மாதிரிக்கு, அதாவது டெம்ப்ளேட்டுக்கு, பயன்பட்டது தினசரி காலண்டரின் அட்டை. தாள் தீர்ந்த பழைய அட்டை கத்தரிக்கோலால் வெட்ட வரும், மடித்தால் வடிவமும் நிற்கும். இன்ஜினைச் செயின் பிளாக்கில் தொங்கவிட்டு, ஃபேனுக்கும் ரேடியேட்டருக்கும் இடைவெளி, முன் ஆக்சில் முழுசாக மேலே ஏறினாலும் ஆயில் சம்ப்பில் இடிக்காத உயரம், ஸ்டியரிங் ராடுக்கு வழி எல்லாம் பார்த்த பிறகுதான் அட்டையை வெட்டினோம். கோணமும் முக்கியம். டிரான்ஸ்ஃபர் கேஸ் ஷாஃப்ட்டும் பின் ஆக்சிலுக்குள் போகும் பினியன் ஷாஃப்ட்டும் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் இணையாக இருக்க வேண்டும். ஒரு டிகிரிக்கு மேல் வித்தியாசம் வந்தால் ஷாஃப்ட்டின் முனையில் உள்ள யுனிவர்சல் ஜாயின்ட் அதிரும்.

6 மில்லி பிளேட்டை வெட்டி, வண்டியிலேயே வைத்து டேக், அதாவது புள்ளி புள்ளியாக வெல்டிங், மட்டும் அடித்தோம். முழு வெல்டிங் வெளியே எடுத்த பிறகுதான், அதுவும் ரப்பரைக் கழற்றிவிட்டு. வெல்டிங்குக்கு 7018 ராடு. கடலோரக் காற்றில் ஈரம் அதிகம். இந்த ராடு ஈரம் குடித்தால் வெல்டிங்குக்குள் நுண்துளை விழும், விரிசலும் வரும். அதனால் சூடாக்கி உலர்த்திய ராடுகளை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துப் பயன்படுத்தினார். சேசிஸில் பற்றவைத்த துணைப் பிளேட்டின் முனைகளைச் சதுரமாக விடாமல் சாய்வாக வெட்டினோம். சேசிஸின் குறுக்கே நேர்கோட்டில் வெல்டிங் போட்டால் அந்தக் கோட்டிலேயே சேசிஸ் பிளக்கும். போல்ட் எல்லாம் வலு அதிகமான 10.9 கிரேடு, நட் எல்லாம் அதிர்வில் எளிதில் கழலாத நைலாக்.

கியர்பாக்ஸுக்கு அடியில் இரண்டு மவுண்ட் வைத்தால் இன்னும் பலம் என்று சொன்னவர்களும் உண்டு. மேடுபள்ளத்தில் சேசிஸ் முறுக்கிக்கொள்ளும். தரை எப்படி இருந்தாலும் முக்காலி ஆடாமல் உட்காரும், நான்கு கால் கட்டில் ஆடும். மூன்று புள்ளியில் இன்ஜின் உட்கார்ந்தால் சேசிஸ் முறுக்கிக்கொள்ளலாம், இன்ஜின் பாட்டுக்கு இருக்கும். நான்காவது புள்ளியை அகலமாகப் போட்டு இறுக்கிவிட்டால் அந்த முறுக்கு முழுவதையும் இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் கூடான பெல் ஹவுசிங் தாங்க வேண்டும். அது வார்ப்பு, வளையாது, வெடிக்கும்.

இத்தனை நாள் ஓட்டியதில் முன் மவுண்டுகள் இரண்டும் நான் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே இருக்கின்றன. வெல்டிங்கில் முடியிழை விரிசல்கூட இல்லை. நட்டின் மேலும் பிராக்கெட்டின் மேலும் சேர்த்து மஞ்சள் பெயின்டில் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன். நட் கொஞ்சம் திரும்பினாலும் கோடு உடைந்து தெரியும். ஸ்பேனர் எடுக்காமலே பார்த்துவிடலாம்.

துரு வேறு கதை. தேவனாம்பட்டினம் கடற்கரையிலிருந்து வரும் காற்றுக்கு எந்த இரும்பும் தப்பாது. பிராக்கெட் பெட்டி போல மூடியிருந்ததால் அடிப்பக்கம் விரல் நுனி அளவுக்கு ஒரு துளை போட்டிருந்தோம். 2024 டிசம்பரில், ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு தென்பெண்ணையில் வெள்ளம் வந்தபோது, வண்டி இடுப்பளவு சேற்றுத் தண்ணீரில் போய் வந்தது. வந்ததும் அந்தத் துளையில் கம்பியை விட்டுக் குத்தினேன். களிமண்ணும் தண்ணீருமாகக் கொட்டியது. துளை இல்லையென்றால் அது உள்ளேயே நின்று அரித்திருக்கும். கியர்பாக்ஸ் மவுண்ட் உட்காரும் குறுக்குச் சட்டமான கிராஸ் மெம்பருக்கு வெளியே ரெட் ஆக்சைடு மட்டும் அடித்திருந்தோம்; அதன் பெயின்ட் உப்பிவிட்டது. எபாக்ஸி பிரைமர் அடித்த முன் பிராக்கெட்டுகளில் கீறல் விழுந்த இடத்தில் மட்டும் துரு. கடலோரத்தில் இருப்பவர்கள் அந்தக் கூடுதல் காசைத் தயங்காமல் செலவிடுங்கள்.

குறை என்றால் கியர்பாக்ஸ் ரப்பர்தான். டிரான்ஸ்ஃபர் கேஸ் சீலிலிருந்து கசிந்த ஆயில் அதன் மேல் சொட்டி, ரப்பர் ஊறிப் பொதபொதவென்று ஆகிவிட்டது. கிளட்ச் விடும்போது கியர் லீவர் ஒரு துள்ளு துள்ளுகிறது. இயற்கை ரப்பர் எண்ணெய் தாங்காது. நியோப்ரீன் என்னும் செயற்கை ரப்பர் ஓரளவு தாங்கும். கிராஸ் மெம்பரை வெல்டிங் செய்யாமல் போல்ட்டில் மாட்டியிருப்பதால் கழற்றுவது சுலபம். கிளட்ச் பிளேட்டுக்காகக் கியர்பாக்ஸை இறக்க வேண்டிய நேரம் நெருங்குகிறது. அப்போது சீலையும் மாற்றி, பின்னால் நியோப்ரீன் போட்டு, கிராஸ் மெம்பருக்கும் எபாக்ஸி அடித்துவிடுவேன். முன் புஷ்ஷுகளை இப்போதைக்குத் தொடப் போவதில்லை.