வீட்டு ஆம்பிளிஃபயருக்கு டிரான்ஸ்ஃபார்மரா, எஸ்எம்பிஎஸ்ஸா?

எல்எம்1875 என்ற ஆடியோ ஆம்பிளிஃபயர் ஐசி இரண்டை வைத்து ஸ்டீரியோ ஆம்பிளிஃபயர் கட்டுகிறவர்களுக்கு, பவர் சப்ளை என்று வந்தால் என் ஓட்டு எஸ்எம்பிஎஸ்ஸுக்கு (மொபைல் சார்ஜர் மாதிரி ஸ்விட்சிங் முறையில் ஓடும் சப்ளை) இல்லை, டிரான்ஸ்ஃபார்மருக்குத்தான். 18-0-18 டிரான்ஸ்ஃபார்மர் (நடு ஒயருக்கு இரண்டு பக்கமும் 18 வோல்ட் ஏசி தருவது), ஏசியை டிசி ஆக்கும் பிரிட்ஜ் ரெக்டிஃபயர், ப்ளஸ் பக்கம் ஒன்று மைனஸ் பக்கம் ஒன்று என 4700 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், அவ்வளவுதான். ஏசியின் உச்சம் 18 வோல்ட்டைப் போல 1.41 மடங்கு என்பதால், ரெக்டிஃபயர் டயோடில் போவது போக ப்ளஸ் மைனஸ் 24 வோல்ட் சொச்சம் கிடைக்கும். பேஸ் அடிக்கும்போது சட்டென்று தேவைப்படும் கரண்டை கெப்பாசிட்டரே கொடுத்துவிடும். கெட்டுப்போனாலும் மல்டிமீட்டர் இருந்தால் போதும், கண்டுபிடித்துவிடலாம்.

குறை என்றால் எடை, அப்புறம் ஹம், அதாவது ஸ்பீக்கரில் வரும் ‘ம்ம்’ என்ற இரைச்சல். ஹம் வந்தால் முதலில் கிரவுண்ட் ஒயரைப் பாருங்கள். இரண்டு கெப்பாசிட்டரும் சேரும் இடத்திலிருந்து ஸ்பீக்கருக்குத் தனியாக, இன்புட்டுக்குத் தனியாக ஒயர் போக வேண்டும். டிரான்ஸ்ஃபார்மரையும் இன்புட் பக்கத்திலிருந்து தள்ளி வையுங்கள்.

எஸ்எம்பிஎஸ் எடை குறைவு. வீட்டு மின்சாரம் ஏறி இறங்கினாலும் வோல்டேஜ் நிலையாக நிற்கும். ஆனால் ப்ளஸ் மைனஸ் வேண்டுமென்றால் 24 வோல்ட் யூனிட் இரண்டைத் தொடராக இணைக்க வேண்டும். வெளியே பெரிய கெப்பாசிட்டர் போட்டால், ஷார்ட் என்று எடுத்துக்கொண்டு சில யூனிட்கள் ஆன் ஆகவே மறுக்கும். மைனஸ் தேவைப்படாமல் ஒற்றை சப்ளையில் ஓடும் டிபிஏ3116 ஐசி ஆம்பிளிஃபயர் போர்டு என்றால் யோசிக்காமல் 24 வோல்ட் எஸ்எம்பிஎஸ் வாங்கலாம். அதைத் திறந்து மட்டும் பார்க்காதீர்கள், உள்ளே கெப்பாசிட்டரில் 325 வோல்ட் டிசி நிற்கும்.