கன்னங்குறிச்சி வீட்டை விற்றபோது

போன மாதம் மூன்று வாரம் சேலத்தில் இருந்தேன். கன்னங்குறிச்சியில் அப்பா கட்டிய வீட்டை விற்கத்தான் போனேன். அப்பா இல்லை, அம்மா அக்காவுடன் இருக்கிறார். வீட்டைப் பூட்டிப் போட்டே நாலு வருடம் ஆகிவிட்டது.

காகித வேலை நான் பயந்த அளவுக்கு இல்லை. வில்லங்கம், பட்டா, புலப்படம் எல்லாவற்றையும் இணையத்திலேயே பார்க்க முடிகிறது. ஒரு பட்டா மாறுதலுக்கு அப்பா நடந்த நடை எனக்கு நினைவிருக்கிறது. அதை வைத்துப் பார்த்தால் இது பெரிய மாற்றம்தான். ஆனால் நான் தேடிய ஒரு காகிதம் மட்டும் எங்கேயும் இல்லை: வீட்டின் குறைகளை விற்பவரே எழுதிக் கொடுக்கும் படிவம்.

2024 கோடையில் நியூ ஜெர்சியில் எங்கள் வீட்டை விற்றோம். அங்கே விற்பவர் வீட்டின் நிலைமையைக் கேள்வி கேள்வியாக எழுதிக் கொடுக்க வேண்டும். வெள்ளம் வந்ததுண்டா, வெள்ள அபாயப் பகுதியில் இருக்கிறதா என்ற கேள்விகள் அந்த வருடம் மார்ச் 20 முதல் கட்டாயமாகியிருந்தன. மண்ணுக்கடியில், வீட்டைச் சூடாக்க எண்ணெய் சேமித்த பழைய தொட்டி இருக்கிறதா என்றும் கேட்கிறார்கள். மண்ணிலிருந்து வீட்டுக்குள் கசியும் ரேடான் என்ற கதிரியக்க வாயுவுக்குச் சோதனை செய்திருந்தால் முடிவைக் காட்ட வேண்டும். 1978க்கு முன் கட்டிய வீடு என்றால், சுவர்ப் பெயிண்டில் ஈயம் இருப்பது தெரிந்தால் சொல்லியாக வேண்டும். வாங்குபவர் சோதித்துப் பார்க்கப் பத்து நாள் அவகாசமும் உண்டு. இரண்டு இரவு உட்கார்ந்து அதை நிரப்பினேன். அப்போது எரிச்சலாகத்தான் இருந்தது.

கன்னங்குறிச்சி வீட்டுக்கும் சொல்லவேண்டிய சங்கதிகள் இருந்தன. மலையில் பெருமழை பிடித்தால் தெருத் தண்ணீர் எங்கள் வாசல்வரை வரும். அதற்காகவே அப்பா ஒரு படியை உயர்த்திக் கட்டினார். இன்னொன்று போர், அதாவது ஆழ்துளைக் கிணறு. பழைய கிணறு வற்றிய பிறகு, இருந்த இடத்தில் போட்ட போர் அது. செப்டிக் டேங்கிலிருந்து இருபது அடிகூட இருக்காது. வாங்க வந்தவர்களுக்கு நாலு மாதக் கைக்குழந்தை.

குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் வீட்டுக்காரர்களும் கட்டணம் கட்டித் தண்ணீரைச் சோதிக்கலாம். மோட்டாரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, சுத்தமான கேனில் பிடித்துக்கொண்டு போனேன். அங்கிருந்தவர்கள் பொறுமையாகப் பதில் சொன்னார்கள். முடிவில் நைட்ரேட் அளவு 45ஐத் தாண்டியிருந்தது. குடிநீருக்கு நம் நாட்டுத் தரப்படி ஒரு லிட்டரில் 45 மில்லிகிராம்தான் எல்லை. கழிவு கலக்கும் இடத்தில் இது ஏறும். கைக்குழந்தையின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் உடம்பு நீலம் பாரித்துப்போகும் அபாயம் இதில் இருக்கிறது. காய்ச்சினால் போய்விடும் என்று நினைத்துவிடாதீர்கள். தண்ணீர் சுண்டச் சுண்ட அளவு இன்னும் கூடத்தான் செய்யும்.

பத்திரம் எழுதுபவரிடம் இதையும் சேர்க்கச் சொன்னேன். "வில்லங்கம் இல்லைன்னு எழுதுறதுக்குத்தானுங்க பத்திரம். நீங்களே குறையை எழுதிக் குடுக்கிறேங்கிறீங்க?" என்றார். விலை இறங்கிவிடும் என்று புரோக்கருக்குக் கவலை. அப்புறம் வக்கீலாக இருக்கும் பள்ளித் தோழனிடம் கேட்டேன். 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றச் சட்டத்தின் 55ஆவது பிரிவை எடுத்துக் காட்டினான். விற்பவருக்குத் தெரிந்து, வாங்குபவர் சாதாரணமாகப் பார்த்தால் கண்டுபிடிக்க முடியாத முக்கியமான குறை இருந்தால், விற்பவர் சொல்லியாக வேண்டும். சட்டம் அத்தனை காலமாக இருக்கிறது, அதற்கென்று ஒரு படிவம்தான் இல்லை. தண்ணீருக்கும் மண்ணுக்கும் வில்லங்கச் சான்றில் இடமே கிடையாது. நம் ஊருக்கு இது மிகவும் தேவை என்று நினைக்கிறேன். முப்பது வருடத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்க்கிற நாம், வெயில் காலத்தில் வீட்டைப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறோம்.

அக்கா வீட்டுக்காரருக்கு ஏற்காட்டில் கொஞ்சம் நிலம் வாங்க ஆசை. அங்கே மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் கட்டுப்பாடு உண்டு, நினைத்த இடத்தில் கட்டிவிட முடியாது. விற்பவர் இதைத் தானாகச் சொல்வார் என்று காத்திருக்காதீர்கள் மச்சான் என்றேன்.

எங்கள் வீட்டுக்கு நானே இரண்டு பக்கம் எழுதினேன். மழைத் தண்ணீர் எதுவரை வரும், போர் எங்கே, டேங்க் எங்கே என்று எல்லாம் போட்டு, ஆய்வக முடிவையும் சேர்த்துக் கிரய ஒப்பந்தத்தோடு இணைத்து இரு தரப்பும் கையெழுத்துப் போட்டோம். அந்தப் பெண் நின்றபடியே முழுக்கப் படித்தாள். "பாப்பாவுக்குப் பால் கரைக்க இந்தத் தண்ணிதான் எடுக்கலாம்னு இருந்தேங்கண்ணா" என்றாள். அவள் கணவர் விலையில் கொஞ்சம் குறைக்கச் சொன்னார். சரி என்று குறைத்துக் கொடுத்தேன்.

பதிவு முடிந்து சாவி கொடுக்கும்போது அவர்களைப் பின்பக்கம் கூட்டிப்போய் டேங்க் மூடியைக் காட்டினேன். செடி மறைத்திருந்தது. போர் தண்ணீர் புழங்க மட்டும், குடிக்கக் குழாய்த் தண்ணீர் என்று மோட்டார் சுவிட்சுக்கு மேல் சுண்ணாம்புக்கட்டியால் எழுதிவைத்துவிட்டு வந்தேன்.