மனக்கட்டா, வலிப்பேதியா: சீன மருத்துவத்தில் கல்லீரல்–மண்ணீரல் பிணக்கு

சீன மரபு மருத்துவம் கல்லீரலை மரத்தோடும் மண்ணீரலை மண்ணோடும் சேர்த்து எண்ணுகிறது; மரம் மண்ணை அடக்கி வைக்கும், அடக்குமுறை அளவு மீறினால் நோய் பிறக்கும் என்பது அதன் கணக்கு. (தமிழ்ச் சொல்லிலேயே மண் இருப்பது தற்செயல்தான், ஆனாலும் பாடம் மறக்காமலிருக்க உதவுகிறது.) இங்கே மண்ணீரல் என்பது இடப்புற விலாவுக்கடியில் இருக்கும் உறுப்பு மட்டுமன்று, உண்டதைச் செரித்துச் சாரமாக்கும் செயல் முழுவதும் அதன் பொறுப்பு. உயிராற்றலைத் தடையின்றி ஓடவிடுவது கல்லீரலின் வேலை. ஆகவே ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் பழுதின்றி இருப்பவருக்கும் இந்தப் பிணக்கு இருப்பதாகச் சீன வைத்தியர் சொல்லக்கூடும்.

பிணக்கு ஒன்றுதான் என்றாலும் அது இரண்டு கோலங்களில் வெளிப்படுகிறது. முதலாவது மனக்கட்டு எனும் தேக்கக் கோலம், உயிராற்றல் ஓடாமல் தேங்குவது: விலாப்புறம் இறுகும், பெருமூச்சு வரும், மாதவிடாய்க்கு முன் மார்பு கனக்கும், பசி மந்தப்படும், உடல் சோரும். இதற்குரிய சியாவ் யாவ் சான் என்னும் சூரணம் சோங் அரசமரபின் அரசு மருந்தகத் தொகுப்பில் இடம்பெற்றது. கவலையற்று உலவுதல் என்பது அப்பெயரின் பொருள். அதிலுள்ள சாய் ஹூ வேர் தேக்கத்தைக் கலைக்க, தாங் குயியும் பாய் ஷாவும் ரத்தத்தைப் பேண, பாய் சூவும் ஃபூ லிங்கும் செரிமானத்தைத் தாங்குகின்றன. புதினாவும் இஞ்சியும் சிறிதளவே.

இரண்டாவது வலிப்பேதிக் கோலம்: வயிறு குமுறும், வலிக்கும், உடனே கழிப்பறைக்கு ஓட வேண்டும், சினமோ பதற்றமோ வந்தால் மிகும். தொங் சியே யாவ் ஃபாங் என்ற மருந்தில் பாய் சூ, பாய் ஷாவ், காய்ந்த ஆரஞ்சுத் தோல், ஃபாங் ஃபெங் என நான்கே சரக்குகள். சாய் ஹூ இல்லை. மிங் காலத்து மருத்துவர் வூ குன் 1584இல் இதற்கு விளக்கம் எழுதுகையில், பேதிக்கு மண்ணீரலின் நலிவும் வலிக்குக் கல்லீரலின் மிகுதியும் காரணம் என்று பிரித்தார். உணவு ஒவ்வாமல் வந்த வலி கழிந்ததும் குறையும், இங்கோ கழிந்த பின்னும் நிற்காது என்பது அவர் கூற்று. இக்காலப் பாடநூல்களோ கழிந்தபின் வலி தணியும் என்கின்றன. இந்த முரணை மறைக்காமல் சொல்லும் ஆசிரியரையே நான் நம்புவேன்.

நாக்கு இவற்றைப் பிரித்தறிய அவ்வளவாக உதவாது. இரண்டிலும் மெல்லிய வெண்படிவு இருக்கலாம். நாடியும் இரண்டிலும் வில்நாண் போல் விறைக்கும். வலிப்பேதியில் மட்டும் இடக்கை நாடி விறைத்து வலக்கை நாடி தளர்ந்திருக்கும் என்பர். எனவே முதலில் கேட்க வேண்டியது வலியும் மலமும் சேர்ந்தே வருகின்றனவா என்பதைத்தான். சினம் வருமா என்று கேட்டால் யாரும் ஆம் என்றே சொல்வார். மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு, இரவில் எழுப்பும் பேதி ஆகியவை இருந்தால் கோலம் பார்த்துக்கொண்டிராமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இப்படிப் பிரிப்பதால் பலன் உண்டா? எரிச்சல் குடல் நோய் கொண்ட 116 பேரிடம் ஆஸ்திரேலியாவில் நடத்தி 1998இல் வெளியிட்ட ஆய்வில், எல்லோருக்கும் பொதுவான சீன மருந்தும் ஆளுக்கேற்ற மருந்தும் 16 வாரங்களில், ஒப்பிடுவதற்காகத் தரப்பட்ட மருந்துச் சத்தற்ற போலி மருந்தை விஞ்சின. நிறுத்தி 14 வாரங்கள் கழிந்தும் பலன் நிலைத்தது ஆளுக்கேற்ற மருந்து பெற்றவர்களிடம் மட்டுமே. ஆனால் 2006இல் வெளியான ஹாங்காங் ஆய்வில், பேதி மிகுந்த 119 பேரில் ஒரு பிரிவினருக்கு ஒரே கலவையும் மற்றவர்களுக்குப் போலி மருந்தும் தரப்பட்டபோது, போலி மருந்தைவிட மேலான பலன் தெரியவில்லை.