கிட்டில் பழைய வெர்ஷனுக்குத் திரும்புவது: சில வருட அனுபவம்

வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் அலுவலகம். ராணிப்பேட்டை தோல் ஆலைகளுக்கும் ஆம்பூர் ஷூ கம்பெனிகளுக்கும் பில்லிங், ஸ்டாக் மென்பொருள் செய்து தருகிறோம். புரோகிராமில் செய்யும் மாற்றங்களை வரிசையாகப் பதிந்து வைக்கும் கிட் (Git) மென்பொருள்தான் பல வருடமாக எங்களுக்குக் கை கொடுக்கிறது. ஆனால் புதிதாகச் சேரும் பிள்ளைகள் பலர், பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும் என்றதும் இணையத்தில் தேடி, முதலில் கண்ணில் படும் ‘ரீசெட் ஹார்ட்’ கட்டளையை அடித்துவிடுகிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: நீங்கள் திருப்பப் போகும் பிராஞ்சை, அதாவது வேலைக் கிளையை, வேறு யாராவது தங்கள் கணினிக்கு இழுத்து வைத்திருக்கிறார்களா? ஆம் என்றால் ரிவெர்ட். உங்கள் கணினியை விட்டு அது வெளியே போகவே இல்லை என்றால் ரீசெட் செய்துகொள்ளலாம். ரிவெர்ட் பழைய கமிட்டை (பதிந்து வைத்த மாற்றத்தை) அழிப்பதில்லை. அந்த மாற்றத்துக்கு நேர் எதிரான மாற்றத்தைப் புதிய கமிட்டாக மேலே போடுகிறது. வரலாறு அப்படியே இருப்பதால் மற்றவர்கள் வழக்கம்போல புல் செய்தால் (சர்வரிலிருந்து இறக்கிக்கொண்டால்) போதும். ரீசெட் பிராஞ்சின் நுனியையே பின்னால் நகர்த்துகிறது. அதை சர்வரில் ஏற்ற ஃபோர்ஸ் புஷ், அதாவது அங்கிருப்பதை மீறி ஏற்றுவது, வேண்டும். இடையில் இன்னொருவர் ஏற்றிய வேலை அங்கேதான் காணாமல் போகும்.

எதைச் செய்தாலும், அதற்கு முன் இருக்கும் இடத்திலேயே ‘பேக்கப்’ என்று ஒரு பிராஞ்ச் போட்டுவிடுங்கள். அது ஒரு குறி மட்டும்தான், இடம் பிடிக்காது. ஹார்ட் ரீசெட் கமிட் செய்யாத திருத்தங்களையும் அழித்துவிடும் என்பதால், அதற்கு முன் அவற்றைக் காட்டும் ‘கிட் ஸ்டேட்டஸ்’ பார்ப்பதும் கட்டாயம். கமிட் செய்த வேலையை ரீஃப்ளாக்கில் (பிராஞ்சின் நுனி முன்பு எங்கெங்கே இருந்தது என்ற குறிப்பேட்டில்) தேடி எடுக்கலாம். கமிட் செய்யாமல் எடிட்டரில் திருத்தி வைத்திருந்தது போனால் போனதுதான். ரீஃப்ளாக்கும் உங்கள் கணினியில் மட்டுமே இருக்கும், என்றென்றைக்கும் இருக்காது. எந்த பிராஞ்சிலும் சேராத கமிட்டுகளின் பதிவுகளை வழக்கமான செட்டிங்கில் 30 நாள் தாண்டினால் கிட் துடைத்துவிடலாம்.

சரி, உண்மையில் சிக்கலான இடம் மெர்ஜ், அதாவது ஒரு பிராஞ்சை இன்னொன்றோடு சேர்ப்பது. 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. வாலாஜா, ஆற்காடு எல்லாம் ராணிப்பேட்டை மாவட்டம் ஆயின. ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூருக்குப் போயின. வாடிக்கையாளர் முகவரியில் புதிய மாவட்டப் பட்டியல் வர, அதற்குத் தனி பிராஞ்ச் போட்டு, மெயின் என்ற முக்கிய பிராஞ்சில் மெர்ஜ் செய்தோம். அன்று சாயங்காலம் ஆம்பூரிலிருந்து போன். சென்னை துறைமுகத்துக்குச் சரக்கு ஏற்றிய வண்டி நிற்கிறது, பில்லில் மாவட்டம் காலியாக அச்சாகிறது. மெர்ஜ் கமிட்டுக்கு இரண்டு பெற்றோர் (சேர்ந்த இரு பக்கத்தின் கடைசி கமிட்டுகள்) இருப்பதால், வெறும் ரிவெர்ட் கட்டளையை கிட் ஏற்காது. ‘மைனஸ் எம் 1’ சேர்த்து, மெயின் பக்கத்தை வைத்துக்கொள் என்று சொல்ல வேண்டும். சொன்னோம், பழைய புரோகிராம் திரும்பியது, வண்டியும் கிளம்பியது.

வினை அடுத்த வாரம் வந்தது. அதே பிராஞ்சில் பிழையைச் சரிசெய்து தம்பி ஒருவர் மறுபடி மெர்ஜ் செய்தார். “அண்ணா, மெர்ஜ் ஆச்சுன்னு காட்டுது, மாவட்ட லிஸ்ட்டையே காணோம்” என்றார். கிட் மேல் தப்பில்லை. பழைய கமிட்டுகள் ஏற்கெனவே மெயினின் வரலாற்றில் இருக்கின்றன, அதனால் திருத்தத்தை மட்டும் எடுத்துக்கொண்டது. முதலில் அந்த ரிவெர்ட் கமிட்டையே ரிவெர்ட் செய்துவிட்டு, அப்புறம் மெர்ஜ் செய்திருக்க வேண்டும். கேட்கக் குழப்பமாக இருக்கும், ஆனால் இதைத் தெரிந்துகொள்ளாமல் மெயின் பிராஞ்சைத் தொடாதீர்கள்.

ஃபோர்ஸ் புஷ் தவிர்க்க முடியாத நேரத்தில் ‘ஃபோர்ஸ் வித் லீஸ்’ போடுங்கள். நீங்கள் கடைசியாகப் பார்த்த நிலையிலிருந்து சர்வர் மாறியிருந்தால் அது மறுத்துவிடும். ஆனால் எடிட்டரில் சர்வர் நிலையைத் தானாக எடுத்து வரும் ஆட்டோ ஃபெட்ச் ஓடிக்கொண்டிருந்தால் இந்தக் காவலை நம்பாதீர்கள். நீங்கள் பார்க்காததையும் பார்த்ததாக கிட் எடுத்துக்கொள்ளும். எங்கள் மெயினில் ஃபோர்ஸ் புஷ்ஷையே பூட்டி வைத்திருக்கிறோம்.

கடைசியாக டேட்டாபேஸ். கிட் புரோகிராமை மட்டும்தான் திருப்பும். சர்வரில் ஓடி முடிந்த டேபிள் மாற்றம் அங்கேயே நிற்கும். புதிய ஃபீல்டு காலியாக இருக்கலாம் என்று விட்டிருந்தால் பழைய புரோகிராம் அதைக் கண்டுகொள்ளாமல் ஓடும். டீஃபால்ட் மதிப்பும் தராமல் கட்டாயம் என்று வைத்திருந்தால், பில்லைச் சேமிக்கும்போதே எரர். அதனால் இப்போதெல்லாம் புதிய ஃபீல்டை முதலில் காலியாகவே சேர்க்கிறோம். புதிய வெர்ஷன் எல்லா ஊரிலும் ஒழுங்காக ஓடிய பிறகுதான் அதைக் கட்டாயம் ஆக்குகிறோம்.